நட்டாற்றில் ஒரு சுற்று

பஸ் நின்றுவிட்டது. சிக்னலில் நிற்கிற நிற்பு இல்லை, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் மடித்துப் போட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிற நிற்பு. அதுவும் சரியாகப் பாலத்தின் நடுவில். எனக்கென்று எங்கிருந்துதான் வந்து வாய்க்குமோ. முன்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடக்கிறதாம், கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கிரேன் வந்தாத்தானுங்க இனி எதா இருந்தாலும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கிரேன் எந்தப் பக்கமிருந்து வரும், ஈரோட்டிலிருந்தா பள்ளிபாளையத்திலிருந்தா, வந்தாலும் இத்தனை வண்டிக்கு நடுவில் எப்படி நுழையும், அதை யார் யோசிக்கிறார்கள். நான் யோசிக்கிறேன். நந்தகுமார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நான் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாப்பிள்ளை என்று சொல்லக் காலையிலிருந்து வாய் வரவில்லை, மனசுக்குள்கூடப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். பூட்டிட்டுப் போறாரும்மா. என் மகள் பூரணி அப்படித்தான் சொன்னாள் போனில். "அவரு குளிக்கப் போயிருக்காரும்மா, வெசயா சொல்லிடறேன், தெனமும் தறிப்பட்டறைக்குப் போறப்ப என்னை உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டுப் போறாரும்மா. நான் அங்கயே வந்துடட்டுமா?" மூச்சு விடாமல் சொன்னாள். திருடன் பயத்துக்காக இருக்கும் கண்ணு, வீட்டில் சாமான் இருக்குமல்லவா, என்று என் வாய் பாட்டுக்கு எதையோ சொன்னது. "நானும் மொதல்ல அப்படித்தாம்மா நெனச்சேன். ஆடியில இருந்து பூட்டறாரு." ஆடி. இப்போது கார்த்திகை. நடுவில் தீபாவளிக்கு வந்தாளே, அதிரசம் தின்றாளே, சிரித்தாளே. சிரித்தாளா? நான் அடுப்படியில் இருந்தேன், சிரிப்புச் சத்தம் கேட்டது, அது டிவியாகவும் இருக்கலாம். "சித்த பொறு கண்ணு, நான் நேர்ல வர்றேன்" என்றேன். அவள் வைத்துவிட்டாள், குழாய்ச் சத்தம் நின்றிருக்கும்.

வியர்க்கிறது. மடியில் பழப்பை வேறு கனக்கிறது, ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு சீப்புப் பூவன் பழம். இவர் ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்தது. "ஒறம்பரை வீட்டுக்கு வெறுங்கையோட போவாதே" என்றார். மகளைப் பூட்டி வைத்திருக்கிற உறவுக்காரனுக்கு ஆப்பிள். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, பயந்தவர். தெருவில் யாராவது இரண்டு தடவை இருமினால் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறவர். "போயி நாலு நல்ல வார்த்தை சொல்லி வெச்சுட்டு வா துளசிமணி. கூட்டிக்கிட்டு மட்டும் வந்தராதே. வந்துட்டா அப்பறம் அனுப்பறது செரமம்." வாசல்வரைக்கும் வந்து இதையே மூன்று விதமாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். நாலு நல்ல வார்த்தையும் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே தயாராகிவிட்டன, புதுசில் எல்லோரும் அப்படித்தான், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும், உன் மேல் உள்ள பிரியம்தான், கொஞ்சம் அனுசரித்துப் போ. எங்கிருந்து வந்தன இந்த வார்த்தைகள், யார் எனக்குச் சொன்னது, எல்லோரும்தான் சொன்னார்கள். பூட்டு எப்படி இருக்கும். சின்னதா, தறிப்பட்டறைக்குப் போடுகிற பெரிய பூட்டா. அந்த வீட்டில் பால் காய்ச்சின அன்றைக்குக் கதவுக்கு வெளியே புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது, நல்ல கெட்டியான தாழ்ப்பாள் என்று நான்தான் தட்டிப் பார்த்துச் சொன்னேன். அவனுடைய அம்மா குமாரபாளையத்தில் மூத்த மகனோடு இருக்கிறார், ஆக வீட்டில் வேறு ஆளும் கிடையாது. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன செய்வாள். சிலிண்டர். வேண்டாம், அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் நூல் சுற்றின பாபின் நிறைந்த சாக்குப்பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு என் பையையே பார்த்தாள். "பழமெல்லாம் பலமா இருக்குதுங், மக வீட்டுக்குங்களா?" ஆமாம் என்றேன். "மக நல்லாருக்குதுங்ளா?" என்னத்தைச் சொல்ல. நல்லாருக்குதுங்க என்றேன், அவளும் நல்லாருக்கட்டும் சாமி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு. ஆறு என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், ஆகாயத்தாமரை பாதி, கறுப்புத் தண்ணீர் பாதி. நாங்கள் ஏறின கரையில், பாலத்துக்குப் பக்கத்திலேயே, இறங்குகிற கல்படிகள் இங்கிருந்து பார்த்தால் தெரிகின்றன, நாலைந்து படிதான் மிச்சம், அதிலும் ஒருவர் பைக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அங்கேதான் நான் பஸ் ஏறினேன். ஸ்டாப்பின் பெயர் பரிசல்துறை. கண்டக்டர் தினமும் நூறு தடவை பரிசல்துறை பரிசல்துறை என்று கத்துகிறார், பரிசல் எங்கே என்று ஒரு ஆள் கேட்டது கிடையாது. நான் அந்தப் பரிசலில் வந்தவள். பிறந்தது எதிர்க்கரை, வாழ வந்தது இந்தக் கரை. பாலம் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே வந்துவிட்டது. லாரி போகும், பஸ் போகும், மாடு போகும், பிணம்கூடப் போகும். கல்யாணப் பெண் மட்டும் பாலத்தின் மேல் போகமாட்டாள். பாலத்தைச் சுற்ற முடியாது, அதுதான் காரணம். எங்கள் ஆட்களில் இரண்டு கரைக்கும் நடுவே பெண் கொடுத்தால் பெண் பரிசலில்தான் வர வேண்டும், நட்டாற்றுக்கு வந்ததும் பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுற்றிவிட வேண்டும். ஒரு சுற்று இரண்டு சுற்று இல்லை, பெண்ணுக்குத் தலை கிறுகிறுத்து, எது அம்மா வீட்டுக் கரை, எது மாமியார் வீட்டுக் கரை என்று தெரியாமல் போகிற வரைக்கும். திசை மறந்தால் நினைப்பு மறக்கும் என்று கணக்கு. அதற்காகவே மாப்பிள்ளை வீட்டார் பரிசல்காரருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். நல்லா சுத்துங்கண்ணா, நல்லா சுத்துங்க என்று கரையிலிருந்து கத்துவார்கள். நான் வாந்தி எடுத்தேன். கல்யாணச் சேலையில். அதற்கும் சிரித்தார்கள்.

போன வருஷம் காலேஜிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள், பழைய துறையைப் பற்றி எழுதுகிறார்களாம். இவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். பரிசல் சுற்றுகிற வழக்கத்தை இவரே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். பொண்ணு பொறந்த வீட்டை மறந்துட்டுப் புகுந்த வீட்டுல ஒட்டோணும், அந்தக் காலத்துப் பெரியவங்க எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க. அவர்களும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். பரிசலில் உட்கார்ந்து சுற்றப்பட்டவள் நான், இவர் கரையில் நின்று கத்தினவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் இவர் போட்டோ வந்தது, லேமினேட் போட்டு மாட்டியிருக்கிறார். பூரணி கல்யாணத்தின்போது பரிசல் இல்லை, பரிசல் விடுகிறவர்களும் இல்லை, தண்ணீரைத் தொட்டாலே அரிக்கிறது. அதற்காக வழக்கத்தை விடுவார்களா. பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு ரவுண்டானா இருக்கிறதே, அதைக் கல்யாணக் காரை மூன்று தடவை சுற்றவைத்தார்கள். போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். காரை ஓட்டினவர் சேலத்துக்காரர், என்னங்க வழி தெரியலீங்களா என்று கேட்டாராம். பூரணி காருக்குள் விழுந்து விழுந்து சிரித்தாள், அது நிச்சயமாக அவள் சிரிப்புத்தான், பின்னால் வேனில் வந்த எனக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அப்போதே எனக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது, தாலி உண்டு, மாலை உண்டு, சீர்த்தட்டு எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது, என்ன குறைகிறது, என்ன குறைகிறது என்று வேனில் உட்கார்ந்து விரலை மடக்கிக்கொண்டே போனேன், பிடிபடவில்லை.

இப்போது பிடிபடுகிறது. இந்தப் பாழாய்ப்போன பஸ் நட்டாற்றில் நின்ற பிறகு. செங்கோடண்ணன். அவர்தான் எங்கள் பரிசல்காரர், ஒல்லியாக, வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் கறுத்து இருப்பார். சுற்றி முடித்துப் பரிசல் மெல்ல நிலைக்கு வரும்போது, நான் குனிந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவர் துடுப்பை மாற்றிப் போடுகிற சாக்கில் குனிந்து சொன்னார். "அம்மணி, கண்ணைத் தொற. அந்தப் பொகபோக்கியைப் பாத்துக்கோ. அதுக்கு நேரா உங்கூடு. எப்பவாச்சும் வரோணும்னா துறையில வந்து நின்னு முந்தானைய வீசு. ஏன் எதுக்குன்னு நான் கேக்கமாட்டேன்." அவ்வளவுதான். பஞ்சு மில்லின் செங்கல் புகைபோக்கி, உயரமாக, உச்சியில் ஒரு செடி முளைத்திருக்கும். பரிசலில் எனக்கு எதிரே, அந்தக் கரைக்கு வாழப்போயிருந்த நாத்தனார் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. எத்தனையோ நாள் கழித்து உலக்கை போட்டுக்கொண்டிருக்கும்போது நாத்தனாராகவே சொன்னார், எனக்கு அவரு கோயில் கோபுரத்தைக் காமிச்சாரு துளசி. நாத்தனாருடைய அம்மாவுக்கும் யாரோ எதையோ காட்டியிருக்கிறார்கள். துறையில் வந்து முந்தானை வீசின பெண்களிடம் எந்தப் பரிசல்காரரும் கூலி வாங்கினது கிடையாதாம், பேச்சுக் கொடுத்தது கிடையாதாம். இந்தப் பாதி இவருக்குத் தெரியாது, காலேஜிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. சுற்றுவதுதான் வழக்கம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது, நல்லா சுத்துங்க என்று கத்தினவர்களில் பாதிப்பேர் செத்தும் போனார்கள். ரவுண்டானாவில் சுற்றத்தான் தெரிந்தது. சேலத்துக்காரருக்கு என்ன தெரியும், அவர் எந்தப் புகைபோக்கியைக் காட்டுவார்.

நான் ஒரு தடவை வீசியிருக்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷம், மாமியார் என்னை அடுப்படிக்குள் வரக்கூடாது என்று சொல்லி, இவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. துறைக்குப் போய் நின்றேன். கை தூக்கவே வெட்கமாக இருந்தது, அப்புறம் தூக்கினேன். பரிசல் அந்தக் கரையிலிருந்து புறப்பட்டு வந்தது. செங்கோடண்ணன் படியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மேற்கே மேகம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காலைத் தூக்கிப் பரிசலில் வைத்தேன். புகைபோக்கி நேரே நின்றது, செடிகூடத் தெரிந்தது. "இன்னைக்கு வேண்டாங்ணா" என்றேன். "செரிங் அம்மணி" என்று சொல்லிவிட்டுப் பரிசலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து நேராக அடுப்படிக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். மாமியார் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நான் துறைக்குப் போகவே இல்லை, மாடியில் துணி காயப்போடும்போது புகைபோக்கியை ஒரு பார்வை பார்ப்பேன், தினமும், அவ்வளவுதான். அனுசரித்துப் போனவள் என்று எனக்கு நல்ல பேர் உண்டு. நான் அனுசரிக்கவில்லை, போக முடியும் என்று தெரிந்ததால் இருந்தேன். இதைச் சொல்லி யாருக்குப் புரியவைப்பது. பூரணி பூட்டுக்குள் இருக்கிறாள், அவளிடம் போய் அனுசரித்துப் போ என்று சொல்லத்தான் ஆப்பிளோடு போய்க்கொண்டிருக்கிறேன். நாலு நல்ல வார்த்தை. என்னை அனுப்பியிருப்பதே சுற்றிவிடத்தான். துடுப்பை என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அடப்பாவி மனுஷா. எனக்கு அழுகை வருகிறது, பஸ்ஸில் வைத்து அழ வேண்டாம், பாபின்காரம்மாள் ஏற்கெனவே திரும்பிப் பார்க்கிறாள். எதிர்க்கரையில் அந்த இடத்தைத் தேடுகிறேன். புகைபோக்கியை இடித்து இரண்டு வருஷமாகிறது, இடித்த அன்றைக்கும் மாடியிலிருந்து பார்த்தேன், இருந்தும் தேடுகிறேன். குளுகுளு வசதி கொண்ட மண்டபம் என்று பெரிய போர்டு, செல்போன் டவர், அப்புறம் மொட்டைமாடிகள், நீலத் தண்ணீர்த் தொட்டிகள், எல்லாம் ஒரே மாதிரி. இதில் எதைக் காட்டி எதற்கு நேராக நம் வீடு என்று சொல்வது. அவளுக்குப் பார்க்க வேண்டியது இந்தக் கரை. இந்தக் கரையில் மட்டும் என்ன இருக்கிறது, அதே தொட்டிகள்தான்.

கிரேன் வரவில்லை. வெயில் ஏறுகிறது. அவன் பட்டறையில் மோட்டாரை நிறுத்திக் கை கழுவிக்கொண்டிருப்பான், இல்லை இன்னும் நேரம் இருக்கிறதா, வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வருவான் என்று ஒரு தடவை பூரணி சொன்னாளே, இன்றைக்கு என்ன கிழமை. வியாழன். வியாழன்தான். பால் காய்ச்சின அன்றைக்கு அவள் என்னைப் பின்பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இங்க நின்னா பாலம் பூராத் தெரியும்மா, பஸ்ல எழுதியிருக்கற ஊர்ப்பேரு கூடப் படிச்சரலாம். மூன்றாவது மாடி, ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. போன் பண்ணலாமா. ராத்திரி போனை வாங்கி யார் யார் பேசினார்கள் என்று பார்க்கிறவன், பார்த்தால் என்ன செய்வான், பார்க்கட்டும். ராத்திரி அவள் அங்கே இருந்தால்தானே. இதை யார் சொன்னது, நான்தானா. விரல் நம்பரை அழுத்திவிட்டது.

"அம்மா? எங்கம்மா இருக்க?"

"பாலத்து மேல. பின்னால ரூம்பு ஜன்னலுக்குப் போ கண்ணு."

"கம்பி போட்ட ஜன்னல்ம்மா அது."

"கம்பி கெடக்குது. போயி நில்லு. என்ன தெரியுது?"

"வண்டியெல்லாம் நிக்குது. என்னாச்சும்மா?"

"பாத்துக்கிட்டே இரு, வெச்சராதே" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்தேன். பழப்பையைத் தூக்கிப் பாபின்காரம்மாள் மடியில் வைத்தேன். "ஐயோ, மக வீட்டு ஒறம்பரைக்குன்னீங்களேங்க்கா?" என்றாள். "அந்த ஒறம்பரை முடிஞ்சுதுங்க" என்றேன். கண்டக்டர் பின்சீட்டிலிருந்து, நடுப்பாலத்துல எங்கீங்க எறங்கறீங்க என்று எழுந்து வந்தார். தம்பி, நீங்க கதவைத் தொறங்க என்றேன். படி உயரம், முழங்கால் சுரீர் என்றது. இறங்கி வண்டிகளுக்கு நடுவே புகுந்து கைப்பிடிச்சுவர் ஓரமாக வந்தேன், லாரி, பால் வண்டி, ஸ்கூட்டர், எல்லோரும் பார்க்கிறார்கள், ஒரு வயசான பொம்பளை நட்டநடுப் பாலத்தில் எதற்கு இப்படி முந்தானையை உதறிப் பிரிக்கிறாள் என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. அரக்குச் சேலை, நல்லவேளை பளிச்சென்று கட்டிக்கொண்டு வந்தேன். முந்தானையைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி வீசினேன். காற்று வாங்கிக்கொண்டது.

"பூரணி, தெரியறனா?"

லைன் போய்விட்டதா. அவன் வந்துவிட்டானா. பூட்டைத் திறக்கிற சத்தம் எதாவது கேட்கிறதா என்று காதை அழுத்திக்கொண்டேன். மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"தெரியறம்மா" என்றாள்.

"துணிமணி எடுத்து வை. பூட்டு ஒடைக்கற ஆளை எங்கயாச்சும் புடிச்சுக் கையோட கூட்டிக்கிட்டு வர்றேன்."

"அப்பா என்னம்மா சொன்னாரு? ஏன் எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்களேம்மா."

"கேக்கறவங்க கேக்கட்டும். நான் கேக்கலை. நீ ஜன்னலை விட்டு நகராதே, என்னையப் பாத்துக்கிட்டே இரு."

முந்தானையை இறக்காமல் அந்தக் கரையைப் பார்த்து நடக்கிறேன்.